முள் குத்திய இடம் ரத்த அணுவுக்கு எப்படித் தெரிகிறது? கீமோகைன் ஏற்பிகள்: ஓர் எளிய அறிமுகம்

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் மாடு மேய்ப்பவர்களுக்கு வெள்வேல முள் புதிதல்ல. செருப்பையும் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறும். பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். முனை உள்ளே ஒடிந்து நின்றுவிட்டால்தான் தொல்லை. அன்று மாலைக்குள் அந்த இடம் சிவக்கும், தொட்டால் சுடும், இரவில் விண்விண்ணென்று தெறிக்கும். மறுநாள் வீங்கி, அதற்கடுத்த நாள் சீழ் கோத்துக்கொண்டு நிற்கும். முள்ளை எடுத்துச் சீழ் வடிந்துவிட்டால் சில நாட்களில் தோல் மூடிவிடும்.

இத்தனையிலும் முள்ளின் பங்கு ஒரு சிறு துளையும், அதோடு உள்ளே போன கொஞ்சம் கிருமியும்தான். சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகிய நான்கும் உடம்பே வரவழைத்துக்கொண்டவை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் இந்த நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக எழுதிவைத்துவிட்டார். சீழ் என்பது ‘கெட்ட ரத்தம்’ என்று ஊரில் சொல்வார்கள். நுண்நோக்கியில் பார்த்தால் அதில் பெரும்பகுதி நம்முடைய வெள்ளையணுக்கள்தான்; நியூட்ரோபில் என்ற வகை. கிருமிகளோடு மல்லுக்கட்டிச் செத்துக் குவிந்தவை. முள் ஏறுவதற்கு முன்பு அந்த இடத்துத் திசுவில் நியூட்ரோபில் அநேகமாக ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தவை. இடது கால் பெருவிரலுக்குக் கீழே, இந்த அரை அங்குலத்தில்தான் வேலை என்று அவற்றுக்கு எப்படித் தெரிந்தது? அவற்றுக்குக் கண் கிடையாது; மூளையிலிருந்து உத்தரவும் வருவதில்லை.

இந்தத் துறை தொடங்கியதும் ஒரு முள்ளில்தான் என்பது வேடிக்கையான பொருத்தம். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியலாளர் இல்யா மெச்னிகோவ், உட்புறம் அப்படியே தெரியும் நட்சத்திர மீனின் இளம்புழுவுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. நோயெதிர்ப்பு ஆய்வுக்காக 1908-இல் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். செல்கள் வருகின்றன என்பது அன்றே தெரிந்துவிட்டது. நியூட்ரோபில்லைக் குறிப்பாக இழுக்கும் புரதம் எது என்பது துலங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1987-இல் பல ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாகத் தேடி ஒரே புரதத்தைப் பிரித்தெடுத்தன. இன்டர்லூக்கின்-8 என்று அப்போது பெயர் வைத்தார்கள். இன்று சிஎக்ஸ்சிஎல்8 என்கிறார்கள். செல்லின் மேற்பரப்பில் பதிந்து வெளிச் செய்தியைப் பிடிக்கும் புரதங்களுக்கு ஏற்பி என்று பெயர்; சிஎக்ஸ்சிஎல்8-ஐ உணரும் இரண்டு ஏற்பிகளின் மரபணுக்கள் 1991-இல் கிடைத்தன.

சிறிய புரதம், நீண்ட பெயர்

செல்களை ஒரு திசை நோக்கி நகரவைக்கும் சிறு புரதங்களுக்குக் கீமோகைன் என்று பெயர். பெரும்பாலானவை எழுபதிலிருந்து நூறு அமினோ அமிலங்கள் கோத்த சிறிய சங்கிலிகள். சிஎக்ஸ்சிஎல்8-இன் வழக்கமான வடிவத்தில் 72. மனித உடலில் இப்படி ஏறத்தாழ 50 கீமோகைன்கள் உண்டு. அவற்றைப் பிடித்துச் செல்லுக்குள் சமிக்ஞை அனுப்பும் ஏற்பிகள் ஏறத்தாழ 20. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்கு இருபது என்றால் ஒரே ஏற்பியில் பல கீமோகைன்கள் வந்து அமரும் என்று அர்த்தம். ஒரே கீமோகைன் பல ஏற்பிகளிலும் அமரும். இந்தக் குறுக்கும் நெடுக்குமான உறவுதான் பின்னால் மருந்து தேடியவர்களை அலைக்கழித்தது.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் சங்கிலியின் தொடக்கத்தில் எப்படி அமைந்திருக்கிறது என்பதை வைத்து நான்கு குடும்பங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டு சிஸ்டீன் ஒட்டி நின்றால் சிசி. நடுவே வேறொன்று புகுந்தால் சிஎக்ஸ்சி. மற்ற இரண்டும் சிறிய குடும்பங்கள். கடைசியில் ‘எல்’ வந்தால் கீமோகைன், ‘ஆர்’ வந்தால் ஏற்பி. அவ்வளவுதான். சிசிஎல்2 கீமோகைன், சிசிஆர்2 அதன் ஏற்பி.

முள் ஏறியதும் கீமோகைனைச் சுரப்பது யார்? திசுவில் ஏற்கெனவே குடியிருக்கும், கிருமி விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள், மாஸ்ட் செல்கள், தோல் செல்கள், ரத்தக் குழாயின் உட்சுவர் செல்கள் எல்லாமே சுரக்கும். கிழிந்த செல்லிலிருந்து கசிந்த பொருட்களும், முள்ளோடு வந்த பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்குகளும் இவற்றை உசுப்பிவிடுகின்றன. செல்லுக்குள் என்எஃப்-கப்பா பி என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து கீமோகைன் மரபணுக்களைத் திறந்துவிடும். சில மணி நேரத்தில் சுற்றுவட்டாரத் திசுவில் கீமோகைன் பரவிவிடும். முள்ளருகே அடர்த்தியாகவும் தள்ளிப்போகப் போக நீர்த்தும் இருக்கும்.

இந்த ஏற்ற இறக்கம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கவுந்தப்பாடிப் பக்கம் இரவில் நடந்துபோகும்போது எங்கோ நாட்டுச்சர்க்கரை காய்ச்சும் மணம் வரும். ஆலைக்கொட்டகை கண்ணுக்குத் தெரியாது. மணம் கூடும் பக்கமாக நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஊர் முழுக்க ஒரே அளவு மணம் இருந்தால் எந்தப் பக்கம் போவது? நியூட்ரோபில்லின் நிலையும் அதேதான். ஆனால் அதன் சாமர்த்தியம் நம்மைவிடப் பெரியது. நாம் நாலடி நடந்து பார்த்துத்தான் மணம் கூடுகிறதா என்று அறிகிறோம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமே உள்ள இந்தச் செல், தன் முன்பக்கத்து அளவையும் பின்பக்கத்து அளவையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுவிடுகிறது. இரண்டுக்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு வித்தியாசம் இருந்தால்கூடப் போதும், திசை தெரிந்துவிடும். பிறகு நிமிடத்துக்குத் தன் உடல் நீளம் அளவுக்கு ஊர்ந்து போகும்.

ஏற்பிக்குள் என்ன நடக்கிறது

அந்த ஒப்பீட்டைச் செய்வது செல்லின் மேற்பரப்பு முழுவதும் பதிந்திருக்கும் ஏற்பிகள். ஒவ்வொரு கீமோகைன் ஏற்பியும் ஒரே நீண்ட புரதச் சங்கிலி. அது செல்லின் மேல்சவ்வை ஏழு முறை குறுக்கே துளைத்துச் செல்லும். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; மறுமுனை செல்லுக்குள். வெளியே நீட்டிய முனைதான் முதலில் கீமோகைனைப் பற்றுகிறது. பிறகு கீமோகைனின் தலைப்பகுதி ஏற்பியின் குழிக்குள் இறங்கி அமர்கிறது. உடனே ஏற்பியின் உருவம் சற்றே முறுக்கிக்கொள்கிறது. வெளியே அமர்ந்தது உள்ளே வரவே இல்லை. உருவ மாற்றம் மட்டுமே உள்ளே போகிறது.

உள்ளே, ஏற்பியின் அடியில் ஜி புரதம் ஒட்டிக் காத்திருக்கும். அது மூன்று துண்டுகள் சேர்ந்தது. ஏற்பி முறுக்கிக்கொண்டதும் ஜி புரதம் இரண்டாகப் பிரிகிறது: ஆல்ஃபா தனியே, பீட்டாவும் காமாவும் சேர்ந்து தனியே. இந்த பீட்டா-காமா இணைதான் இங்கே முக்கியமான ஆள். அது இரண்டு வேலைகளைத் தொடங்கிவைக்கிறது. ஒன்று, செல்லின் உட்கிடங்கிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடுவது. மற்றொன்று, பிஐ3-கைனேஸ் என்ற நொதியைத் தூண்டி, சவ்வின் உட்புறத்தில் ஒரு கொழுப்பு மூலக்கூறை அடையாளமாகப் பதித்துவைப்பது. கீமோகைன் அதிகமாகப் பட்ட பக்கத்தில் இந்த அடையாளம் அடர்ந்து சேர்கிறது. அங்கே செல்லுக்கு உருவம் கொடுக்கும் ஆக்டின் என்ற புரத இழைகள் வேகமாக வளர்ந்து சவ்வை முன்னே தள்ளுகின்றன. அதுதான் செல்லின் முன்பக்கம். எதிர்ப்பக்கத்தில் மயோசின் என்ற மற்றொரு புரதம் சுருக்கி வாலை இழுத்துக்கொள்கிறது. முன்னே தள்ளு, பின்னே இழு, செல் நகர்ந்துவிட்டது.

இந்த ஜி புரதம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கக்குவான் இருமல் காட்டிக்கொடுக்கிறது. அந்த நோயின் பாக்டீரியா சுரக்கும் நஞ்சு, கீமோகைன் ஏற்பிகள் பயன்படுத்தும் ஜி புரத வகையை முடக்கிவிடும். அதனால் லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் ரத்தத்தை விட்டு நிணநீர்க் கணுக்களுக்குள் போக முடியாமல் ரத்தத்திலேயே தேங்கிவிடுகின்றன. கக்குவான் வந்த குழந்தையின் ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியிருப்பதற்கு இதுதான் காரணம். எண்ணிக்கை நிறைய, வேலைக்குப் போனவை குறைவு.

சமிக்ஞை வந்த சில நிமிடங்களுக்குள் ஏற்பியை அணைக்கும் வேலையும் தொடங்கிவிடும். ஏற்பியின் உள்முனையில் பாஸ்பேட் ஒட்டப்படும். அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஜி புரதத்தை அண்டவிடாமல் மறித்துக்கொள்ளும். ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படும். பிறகு அது மறுபடி மேலே வரலாம், அல்லது சிதைக்கப்படலாம். இப்படி அணைந்து அணைந்து புதுப்பிக்கப்படுவதால்தான் செல் பழைய செய்தியிலேயே சிக்கிக்கொள்ளாமல் அடுத்த அடிக்குப் புதிதாக அளந்து பார்க்கிறது. ஜி புரத ஏற்பிகள் என்னும் இந்தப் பெருங்குடும்பத்தை ஆராய்ந்ததற்காக ராபர்ட் லெஃப்கோவிட்சும் பிரையன் கோபில்காவும் 2012-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

ஓடும் ரத்தத்திலிருந்து இறங்குவது

திசுவுக்குள் ஊர்வதெல்லாம் பிற்பாடு. முதலில் ஓடும் ரத்தத்திலிருந்து இறங்க வேண்டுமே! ரத்தம் போகிற வேகத்தில் கீமோகைன் குழாய்க்குள் கசிந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் குழாயின் உட்சுவர் செல்கள் தங்கள் மேற்பரப்பிலுள்ள ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரை இழைகளில் கீமோகைனைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அந்த இழைகளில் ஒட்டாதபடி மாற்றியமைத்த சில கீமோகைன்களை எலிகளின் உடலில் செலுத்திப் பார்த்தபோது, கண்ணாடித் தட்டில் செல்களை நகரவைத்த அதே புரதங்கள் உடலுக்குள் செல்களை வரவழைக்கவில்லை.

முள் குத்திய இடத்தருகே உள்ள நுண்சிரையில் இது இப்படி நடக்கும். சுவர் செல்கள் சில நிமிடங்களிலேயே செலெக்டின் என்ற ஒட்டுப் புரதத்தை மேலே கொண்டுவருகின்றன. அதில் லேசாகச் சிக்கிய நியூட்ரோபில், பிடித்தும் விட்டும் சுவரோரமாக உருளத் தொடங்குகிறது. உருளும்போது அதன் சிஎக்ஸ்சிஆர்2 ஏற்பி சுவரில் ஒட்டியிருக்கும் கீமோகைனில் உரசுகிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நியூட்ரோபில்லின் மேலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் மடங்கிய நிலையிலிருந்து நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றுகின்றன. உருண்டது நின்றுவிட்டது. பிறகு தன்னைத் தட்டையாக்கிக்கொண்டு இரண்டு சுவர் செல்களுக்கு இடையே நுழைந்து வெளியேறுகிறது.

இன்டெக்ரின் சரியாக அமையாத குழந்தைகள் அரிதாகப் பிறப்பதுண்டு. அவர்களுக்குத் தொப்புள்கொடி விழ வழக்கத்தைவிட வெகுநாள் ஆகும். அடிக்கடி தொற்று வரும். ரத்தத்தில் நியூட்ரோபில் ஏராளமாக இருக்கும். ஆனால் புண்ணில் சீழ் பிடிக்காது. சீழ் இல்லாதது அங்கே நல்ல செய்தி அல்ல. அந்தக் குழந்தைகளின் புண் எளிதில் ஆறுவதும் இல்லை.

முதலில் வருபவர், பிறகு வருபவர்

எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உருவாக்குகிறது. மஜ்ஜைக்குள் இருக்கும்வரை சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி அவற்றை அங்கேயே நிறுத்திவைக்கிறது. மஜ்ஜைச் செல்கள் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12-ஐ அது பிடித்துக்கொண்டிருப்பதே காரணம். முதிர்ந்ததும் சிஎக்ஸ்சிஆர்4 குறைந்து சிஎக்ஸ்சிஆர்2 ஓங்குகிறது, அணு ரத்தத்துக்குள் வருகிறது. ஒரு செல் எங்கே இருக்க வேண்டும் என்பதை அது அந்த நேரத்தில் எந்த ஏற்பியை மேலே வைத்திருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்பவர்கள் இதை வைத்துக்கொள்ளலாம்.

முள் குத்திய முதல் நாளில் திசுவில் நிறைந்திருப்பவை நியூட்ரோபில்கள். அவற்றின் வழிகாட்டுதலில் நுணுக்கமான ஒரு முன்னுரிமையும் உண்டு. பாக்டீரியாப் புரதங்களின் தொடக்கத்தில் ஃபார்மைல் என்ற வேதிக் குறி இருக்கும். அதை உணரத் தனி ஏற்பி நியூட்ரோபில்லிடம் இருக்கிறது. தூரத்திலிருந்து வரும்வரை கீமோகைனைப் பின்பற்றும் செல், பாக்டீரியாவின் பக்கத்தில் வந்ததும் கீமோகைனைப் பொருட்படுத்தாமல் ஃபார்மைல் குறியையே பின்தொடர்கிறது. இரண்டு ஏற்பிகளும் செல்லுக்குள் வெவ்வேறு பாதைகளைத் தூண்டுகின்றன. ஒன்று மற்றதை அடக்கிவிடுகிறது. இது இல்லையென்றால் நியூட்ரோபில், சக செல்கள் சுரக்கும் கீமோகைனைச் சுற்றியே வளையவந்துகொண்டிருக்கும், பாக்டீரியா பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும்.

இரண்டு மூன்று நாளில் கூட்டம் மாறுகிறது. இப்போது சுரப்பது பெரும்பாலும் சிசிஎல்2; வருவது அதன் ஏற்பியான சிசிஆர்2-ஐச் சுமக்கும் மோனோசைட் என்ற வகை வெள்ளையணுக்கள். இவை திசுவுக்குள் நுழைந்து மேக்ரோபேஜ்களாக மாறுகின்றன. முதலில் கிருமிகளையும் கழிவையும் விழுங்குகின்றன. செத்த நியூட்ரோபில்களை விழுங்கத் தொடங்கியதும் அவற்றின் குணமே மாறிவிடுகிறது. அதுவரை வீக்கத்தைக் கூட்டும் பொருட்களைச் சுரந்தவை, இப்போது வீக்கத்தை அடக்குபவற்றையும் புதுத் திசு வளரத் தேவையான காரணிகளையும் சுரக்கின்றன. ஆகவே வீக்கத்தைக் கொண்டுவந்த செல்களும் ஆற்றுகிற செல்களும் இருவேறு அணிகள் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சிசிஆர்2 மரபணு நீக்கிய எலிகளில் அடிபட்ட தசை சரியாக மீள்வதில்லை. வீக்கத்தைத் தடுத்தாயிற்று, ஆறுதலும் சேர்ந்து நின்றுபோயிற்று.

திசு கட்டுமானத்தில் கீமோகைன்களுக்கு நேரடி வேலையும் இருக்கிறது. நியூட்ரோபில்லை இழுத்த அதே சிஎக்ஸ்சிஎல்8, ரத்தக் குழாய்ச் சுவர் செல்களிலுள்ள சிஎக்ஸ்சிஆர்2-இல் அமரும்போது புதுக் குழாய்கள் கிளைக்கத் தூண்டுகிறது. தோலின் மேலடுக்குச் செல்களும் இந்த ஏற்பியைப் பயன்படுத்திக் காயத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கி நகர்கின்றன. சிஎக்ஸ்சிஆர்2 இல்லாத எலிகளில் புண் மூடத் தாமதமாகிறது. ஆறும் புண்ணின் அடியில் தெரியும் சிவந்த, மணிமணியான சதையைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு முழுக்கப் புதுக் குழாய்களின் சிவப்பு. பிற்பாடு அவற்றில் பல தேவையில்லாமல் போகும். அப்போது சிஎக்ஸ்சிஆர்3 ஏற்பியின் முறை. அது குழாய் வளர்ச்சியை அடக்கி, உபரிக் குழாய்கள் ஒடுங்க வழிசெய்கிறது. அந்த ஏற்பி இல்லாத எலிகளில் புண் ஆறத் தாமதமாவதோடு, தழும்பும் தடித்துப்போகிறது.

வந்தவை கலைவதும் தானாக நடப்பதில்லை. ஜி புரதம் வழியாகச் சமிக்ஞை அனுப்பாத நான்கு ஏற்பிகள் உண்டு. அவற்றில் ஏசிகேஆர்2 என்பது கீமோகைனைப் பிடித்துச் செல்லுக்குள் இழுத்து அழித்துவிடும். துப்புரவு மட்டுமே அதன் பணி. செத்துக்கொண்டிருக்கும் நியூட்ரோபில்களின் மேலுள்ள சிசிஆர்5-உம் எஞ்சிய கீமோகைனை உறிஞ்சிக்கொள்கிறது. சாகாத நியூட்ரோபில்களில் சில, வந்த வழியே ரத்தத்துக்குத் திரும்புவதை உடல் ஊடுருவித் தெரியும் வரிக்குதிரை மீன்குஞ்சுகளில் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். எலியின் கல்லீரல் காயத்திலிருந்து திரும்பிய நியூட்ரோபில்கள் நுரையீரல் வழியாக மஜ்ஜைக்கே போய்ச் சேர்ந்தன. போகும்போது அவற்றின் மேல் சிஎக்ஸ்சிஆர்4 மறுபடி கூடியிருந்தது.

நிற்காத அழைப்பு

1888-இல் முதல் நூற்பாலை வந்த கோவையிலும், அதைத் தொடர்ந்து பஞ்சையே நம்பி வளர்ந்த நம் ஊர்களிலும் ஒரு நோயை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பஞ்சைப் பிரித்து உதறும் புளோ ரூமிலும் கார்டிங் பகுதியிலும் தூசு அதிகம். அங்கே வேலை செய்பவர்களில் சிலருக்கு வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளன்று மட்டும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். அடுத்தடுத்த நாட்களில் தணியும். பிசினோசிஸ் என்ற பஞ்சுத்தூசு நோயின் ஆரம்பம் இது. பஞ்சுத் தூசோடு ஒட்டிவரும் சில பாக்டீரியாக்களின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. நுரையீரல் மேக்ரோபேஜ்கள் அதை உணர்ந்து சிஎக்ஸ்சிஎல்8 போன்றவற்றைச் சுரக்கின்றன. நியூட்ரோபில்கள் மூச்சுக் குழாய்க்குள் வந்து குவிகின்றன. கொல்ல வேண்டிய தொற்று அங்கே ஏதுமில்லை. ஆனால் தூசு தினமும் வருகிறது, அழைப்பும் தினமும் போகிறது. வந்த நியூட்ரோபில்கள் வெளிவிடும் நொதிகள் நம் திசுவையே அரிக்கின்றன. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் சளி, இருமல், மூச்சிரைப்பு என்று நிலைத்துவிடும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இந்த நோய் இடம்பெற்றிருந்தது. அதாவது கண்டறிந்த மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். முகத்தில் துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பது சரியல்ல. நுண்ணிய தூசு துணியைத் தாண்டும். எந்திரத்தின் பக்கத்திலேயே தூசை உறிஞ்சி வெளியேற்றுவதுதான் வழி.

நீரிழிவுக்காரர்களின் கால் புண்ணில் கோளாறு வேறு விதம். நரம்பு மரத்திருப்பதால் முள் ஏறியதே தெரியாமல் போகலாம். தெரிந்தபின் பார்த்தால், அங்கே வந்த நியூட்ரோபில்களும் மேக்ரோபேஜ்களும் கலையாமல் வாரக்கணக்கில் தங்கியிருக்கும். மேக்ரோபேஜ்கள் ஆற்றும் குணத்துக்கு மாறாமல் வீக்க நிலையிலேயே நின்றுவிடும். இதைக் கேட்டால் கீமோகைனைக் குறைக்க வேண்டும் என்றுதான் தோன்றும். நீரிழிவு எலிகளில் பார்த்தபோது தொடக்க நாட்களில் சிசிஎல்2 போதிய அளவு வரவில்லை என்பது தெரிந்தது. புண்ணில் அதை வெளியிலிருந்து சேர்த்தபோது மேக்ரோபேஜ்கள் உரிய நேரத்தில் வந்தன, புண் விரைவாக ஆறியது. முதலில் பிந்தியதால்தான் பின்னால் நீள்கிறது போலும்.

ரத்தத்தில் கிருமி பரவிய கடும் நிலையில் இதன் எதிர்முனையைக் காணலாம். உடம்பெங்கும் கீமோகைன் கொட்டுவதால் நியூட்ரோபில்கள் தங்கள் சிஎக்ஸ்சிஆர்2-ஐ உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பிறகு உண்மையான தொற்று இருக்கும் இடத்துக்கு அவற்றால் போக முடிவதில்லை.

மஞ்சளும் மருந்தும் உண்ணியும்

ஈரோட்டுக்காரர்களிடம் புண்ணைப் பற்றிப் பேசிவிட்டு மஞ்சளைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவ இதழொன்றில் வந்த கட்டுரையையும் சான்றாகக் காட்டி வழக்காடியது. 1997-இல் அது ரத்தானது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்த வழக்கு மஞ்சள் புதிதல்ல என்பதை நிரூபித்ததே தவிர, எப்படி வேலை செய்கிறது என்பதை அல்ல.

மஞ்சளிலுள்ள குர்குமின், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களில் என்எஃப்-கப்பா பி-யைத் தடுக்கிறது. சிஎக்ஸ்சிஎல்8, சிசிஎல்2 சுரப்பு குறைகிறது. உண்மை. அதே குர்குமின் தின்றால் குடலில் மிகக் கொஞ்சமே உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சியதும் கல்லீரல் விரைவாக மாற்றிவிடுகிறது. ஆய்வுக்கூடத் தட்டில் கண்டதை உடம்புக்குப் பொருத்திப் பேசும் விளம்பரங்களை நம்பி மாத்திரை வாங்குவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். நீரிழிவுக்காரரின் கால் புண்ணுக்கு மருத்துவரிடம் போவதை அது தள்ளிப்போட வைத்தால் கெடுதல்தான்.

மருந்து நிறுவனங்கள் குர்குமினைவிடக் குறி பார்த்து அடிக்க முயன்றன. மூட்டு அழற்சிக்கு மோனோசைட்டுகள் காரணமென்றால் சிசிஆர்2-ஐ அடைத்துவிடலாம், சிசிஆர்1-ஐ அடைத்துவிடலாம் என்று மருந்துகளைச் செய்து நோயாளிகளிடம் சோதித்தார்கள். எலியில் தெரிந்த பலன் மனிதரில் தெரியவில்லை. ஐம்பதுக்கு இருபது என்ற கணக்கு இங்கேதான் இடிக்கிறது. ஒரு வழியை அடைத்தால் வேறு வழியில் செல்கள் வந்துவிடுகின்றன. ஒரு ஏற்பியே இல்லாமல்கூட மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதற்கு சிசிஆர்5 சாட்சி. 1996-இல் எச்ஐவி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் துணை ஏற்பிகளாக சிஎக்ஸ்சிஆர்4-உம் சிசிஆர்5-உம் கண்டறியப்பட்டன. சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட நகல்களைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் ஐரோப்பியரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இருக்கிறார்கள். எச்ஐவியின் பெரும்பாலான வகைகள் அவர்களைத் தொற்றுவது அரிது. மற்றபடி பெரும்பாலும் நலமாகவே இருக்கிறார்கள், வெஸ்ட் நைல் போன்ற சில வைரஸ்கள் வந்தால் மட்டும் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள். எல்லா ஏற்பியும் இப்படி அல்ல. சிஎக்ஸ்சிஆர்4 இல்லாத எலிக்குஞ்சு பிழைப்பதே இல்லை.

இதுவரை வெற்றி பெற்ற மருந்துகளின் முகத்தைப் பாருங்கள். 2007-இல் வந்த மராவிராக் எச்ஐவிக்கு. 2008-இல் வந்த பிளெரிக்சாஃபர் சிஎக்ஸ்சிஆர்4-ஐத் தளர்த்தி மஜ்ஜையின் தண்டுச் செல்களை ரத்தத்துக்குக் கொண்டுவர. மோகமுலிசுமாப் ஒருவகை ரத்தப் புற்றுக்கு. மூட்டு வீக்கத்துக்கோ ஆறாத புண்ணுக்கோ இவற்றில் ஒன்றுகூட இல்லை.

நிறுவனங்கள் தடுமாறிய இடத்தில் உண்ணி தேர்ந்த கை. நாயின் மேல் ஒட்டும் பழுப்பு உண்ணி நாட்கணக்கில் ஒரே இடத்தில் வாயைப் பதித்து ரத்தம் குடிக்கிறது. அத்தனை நேரம் தோலைத் துளைத்து வைத்திருந்தும் அந்த இடம் பெரிதாக வீங்கி அதைத் தள்ளிவிடாததற்கு ஒரு காரணம் அதன் எச்சிலில் உள்ள இவேசின் என்ற புரதங்கள். இவை ஏற்பியைத் தொடுவதே இல்லை. கீமோகைனையே பற்றி முடக்குகின்றன. ஒரு இவேசின் சிஎக்ஸ்சிஎல்8 வகையைக் கவனித்துக்கொள்கிறது, மற்றவை சிசி குடும்பத்துக் கீமோகைன்கள் பலவற்றை. ஒன்றை அடைத்தால் மற்றொன்று வரும் என்பது உண்ணிக்குத் தெரிந்திருக்கிறது! இதைப் பார்த்து ஆய்வாளர்கள் இவேசின்களைத் திருத்தியமைத்து அழற்சி மருந்தாக்க முயல்கிறார்கள். ஆனால் உண்ணி தின்று முடித்து விழுந்தபின் அந்தப் புண் ஆறுகிறதா என்று அது பார்க்க வேண்டியதில்லை. மருந்து பார்த்தாக வேண்டும்.

அதனால் சிலர் அடைப்பதை விட்டுவிட்டுச் சேர்ப்பதை முயல்கிறார்கள், அதுவும் புண்ணின் மேல் மட்டும். சுவீடனில் ஒரு குழு, தயிரில் இருப்பவற்றின் உறவான லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவை சிஎக்ஸ்சிஎல்12 சுரக்கும்படி மாற்றி எலிகளின் காயத்தில் வைத்தது. பாக்டீரியா சுரக்கும் லாக்டிக் அமிலம் அங்கே கீமோகைன் சிதையாமல் நிலைக்க உதவியது. நீரிழிவு எலிகளிலும் காயம் விரைவாக மூடியது. 2018-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. நலமான மனிதர்களின் தோலில் சிறு காயம் உண்டாக்கி, பாதுகாப்பானதா என்று பார்க்கும் முதற்கட்டச் சோதனையும் அதற்குப் பிறகு நடந்திருக்கிறது.